எமல்டா பார்க்க நினைத்த ஊர்கள்

அண்ணாச்சி, நீங்க சன்னல் பக்கம் போயிருங்க. இந்தக் கை அந்தக் கம்பியில இடிச்சா உயிர் போயிரும். ஆங், இப்பிடியே இருக்கட்டும். தூத்துக்குடியா? வியாபாரமா? நானும் அங்கதான். பீச் ரோட்டுக்குப் பின்னால வீடு.

பாக்கீங்க, ஆனா கேக்க மாட்டேங்கீங்க. கேளுங்க, தப்பில்ல. பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன் கேட்டான், கண்டக்டர் கேட்டான். அவங்ககிட்ட ஆக்சிடென்ட்னு சொல்லிட்டேன். நீங்க நம்ம ஊர்க்காரரு, ஒங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும்?

கை வேற கதை, முகம் வேற கதை. கையை ஒடிச்சது என் பொண்டாட்டி. முகத்தை இப்பிடி ஆக்குனது பழவேற்காட்டுக்காரங்க. ஆனா ரெண்டுக்கும் காரணம் அவதான். முப்பது வருஷத்துக்கு மேல சோறு போட்ட புருஷன் கையை ஒடிச்சு, அவன் படகையும் எடுத்துட்டுப் போன பொம்பளையை நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் கேள்விப்பட்டதில்ல.

நான் கப்பல்ல போசன். டெக்ல வேலை பாக்குறவங்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பிலிப்பைன்ஸ்காரன், பர்மாக்காரன், நம்ம ஊர்ப் பயலுக, எவனா இருந்தாலும் கஸ்பார் பர்னாந்து வாரான்னா வாயை மூடிட்டு வேலையைப் பாப்பான். கையை ஓங்கணும் அண்ணாச்சி. அடிக்கணும்னு இல்ல, ஓங்கணும். சில சமயம் ஓங்குன கை கீழ வரத்தான் செய்யும், அதுக்கு என்ன பண்றது?

அவ பேரு எமல்டா. பொம்பளைப் புள்ளைக பள்ளிக்கூடத்துல வரலாறு டீச்சர். ஒரே மக, ஜெர்லின், பெங்களூர்ல கட்டிக் குடுத்திருக்கு. நான் வருஷத்துக்கு ரெண்டு மாசம் வீட்டுக்கு வருவேன். அந்த ரெண்டு மாசமும் ராசா மாதிரி வச்சிருப்பா. மெல்லத்தான் பேசுவா. பாத்திரம் கழுவுற சத்தம்கூட வராது. அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க, எங்க வீட்ல சண்டைச் சத்தமே கேட்டிருக்காது.

ரிட்டயர் ஆனப்புறம்தான் தொல்லை. அவளும் ரிட்டயர். நாள் முழுக்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல. எனக்குக் காலுக்கடியில தரை ஆடாம இருந்தா மண்டை சூடாயிரும். அப்பத்தான் கொச்சியில ஒரு வெள்ளைக்காரன் தன்னோட பாய்மரப் படகை வித்துட்டு ஊருக்குப் போறான்னு கேள்விப்பட்டேன். சின்னப் படகுதான். உள்ள ரெண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி, குனிஞ்சு போற மாதிரி ஒரு கக்கூஸ். ரெண்டு பேர் பணமும் போட்டுத்தான் வாங்குனோம். ஆனா படகு என் படகு. கடல் தெரிஞ்சவன் நான்தானே.

அவ மாட்டேன்னு சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லல. "அப்போ போற வழியில பழைய துறைமுக ஊரெல்லாம் எறங்கிப் பாத்துட்டுப் போவோமா?"ன்னு கேட்டா. மணப்பாடு, காயல்பட்டணம், கீழக்கரை, நாகப்பட்டணம், தரங்கம்பாடி, பழவேற்காடுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுதா. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குப் பாடம் நடத்துனதோட சரி, ஒண்ணைக்கூடப் பாத்ததில்லையாம்.

"மணப்பாடு பக்கத்துலதானட்டி இருக்கு, அதைக்கூடவா பாக்கல?"ன்னு கேட்டேன்.

"நீங்க இல்லாதப்ப ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க"ங்கா.

சொல்லியிருப்பேன். புருஷன் கப்பல்ல இருக்கும்போது பொம்பளை தனியா ஊர் சுத்துனா நல்லாவா இருக்கும்? சரி, பாத்துக்கோன்னேன். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்க.

கொச்சியில ஒரு மாசம் நின்னு எல்லாம் கத்துக்குடுத்தேன். பாயை எப்பிடி ஏத்தணும், காத்து கூடுனா எப்பிடிச் சுருக்கணும், நங்கூரம் எப்பிடி எறக்கணும். தப்பாக் கட்டுனா கயித்து நுனியால விரல்ல ஒரு தட்டு. நான் சின்னதுல அப்பிடித்தான் கத்துக்கிட்டேன். விரலெல்லாம் வீங்கிப் போச்சு, மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா கத்துக்கிட்டாளா இல்லையா? மாசம் முடியுறதுக்குள்ள கண்ணை மூடிட்டு முடிச்சுப் போடுதா. நான் குடுத்த ட்ரெயினிங்.

கன்னியாகுமரியைச் சுத்தும்போது கடல் மோசமா இருந்துச்சு. ரெண்டு பக்கத்துத் தண்ணியும் மோதுற எடம். பெரிய கப்பல்ல அது தெரியாது. இந்தச் சின்னப் படகு கொட்டாங்கச்சி மாதிரி ஆடுது. எனக்குப் பித்தம் தலைக்கேறிப் போச்சு. கடல் ஒத்துக்கிடலன்னு நெனைக்காதீங்க, முந்தின ராத்திரி தின்ன பரோட்டா சரியில்ல. கீழ போயி வாளியைக் கட்டிப் புடிச்சுட்டுப் படுத்துட்டேன். பொழுது விடிஞ்சதுலேர்ந்து அடையுற வரைக்கும் அவதான் சுக்கானைப் புடிச்சிருந்தா. இடுப்புல ஒரு கயித்தைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் உப்பு. படகு நேரா மணப்பாட்டுக்கு வந்து நின்னுச்சு.

மணப்பாட்டுல மணல் மேட்டு மேல அந்தப் பழைய சிலுவைக் கோயில் இருக்குல்லா, அதைப் பாத்துட்டு அவ அழுதா. என்னத்துக்கு அழுதான்னு தெரியல. கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்தவங்க வந்து, "இந்தக் காத்துல யாருங்க படகைக் கொண்டு வந்தது?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவ, "நான்தான்"னுட்டா. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. எல்லாரும் கை தட்டுதானுங்க. ஒருத்தன் என்னைப் பாத்து, "அண்ணன் பாசஞ்சரா?"ன்னு கேட்டான்.

படகுக்குத் திரும்புனதும் ஒரு அறை விட்டேன். ஒண்ணே ஒண்ணு. உதடு கிழிஞ்சுது, பல்லு ஒண்ணு ஆடிச்சு, ரெண்டு நாள்ல விழுந்துருச்சு. அந்தப் பல்லு முன்னாலயே சொத்தை. எனக்குக் கோவம் அவ ஓட்டுனதுக்கு இல்ல அண்ணாச்சி. சொன்னா பாருங்க, அதுக்கு.

காயல்பட்டணத்துல ஒண்ணும் நடக்கல. அவ துணியால வாயை மூடிட்டே பழைய பள்ளிவாசலை வெளிய நின்னு பாத்துட்டு வந்துட்டா. கீழக்கரையிலதான் அடுத்தது. ஒரு பழைய வியாபாரி வீட்டுப் பொம்பளைக அவளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் தெருவுல நிக்கேன். வெயிலு மண்டையைப் பொளக்குது. உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம். எமல்டா சிரிக்கா. எனக்கு மொதல்ல யாருன்னே தெரியல. எங்க கல்யாணத்துலேர்ந்து அப்பிடி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்ல.

படகுல வந்து கேட்டேன். "என்னத்துக்குட்டி அப்பிடிச் சிரிச்ச?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது சிரிப்பாங்களா?"

"பேசிக்கிட்டிருந்தோம். சிரிப்பு வந்துச்சு."

"என்னைப் பத்தியா?"

"ஒங்களைப் பத்திப் பேசுனா எதுக்குங்க சிரிப்பு வருது?"ங்கா.

எப்பிடி இருக்கும் சொல்லுங்க. காலால ஒரு தள்ளு தள்ளுனேன். படகுக்குள்ள எறங்குற ஏணியில உருண்டு கீழ விழுந்தா. விலா எலும்புல ஏதோ ஆயிருக்கணும், மூச்சு விடும்போதெல்லாம் ஒரு கையால அந்தப் பக்கத்தை அமுக்கிக்கிடுவா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அவ கேக்கல. கேக்கல, அப்போ வலிக்கலன்னுதானே அர்த்தம்? பாம்பன் பாலம் தூக்குற வரைக்கும் நின்னு, தாண்டி, அந்தப் பக்கத்துத் திட்டும் மணலுமா இருக்கிற கடல்ல ஆழம் பாத்துப் பாத்து அவதான் ஓட்டுனா. நான் மேல நின்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ரெண்டு தடவை நான் சொன்ன பக்கம் திருப்பித் தரை தட்டிருச்சு. அப்புறம் அவ நான் சொல்றதைக் காதுல வாங்குறதை நிறுத்திட்டா. அப்பத்துலேர்ந்தே அவளுக்குத் திமிரு வந்துருச்சுன்னு இப்பத் தோணுது.

நாகப்பட்டணத்துல மீன்பிடித் துறைமுகத்துல கட்டியிருந்தோம். பக்கத்து விசைப்படகுக்காரன், முப்பது வயசு இருக்கும், நான் அவளை ஏசுறதைப் பாத்துக்கிட்டே இருந்தான். சோத்துல உப்பு இல்லன்னு தட்டை வீசுனேன், அது அவ நெத்தியில பட்டுருச்சு. அவன் எந்திரிச்சு வந்து, "பெரியவரே, அந்தம்மாவை விடுங்க"ங்கான். பெரியவரே. எனக்கு அறுபத்தொண்ணுதான் ஆகுது.

படகை இழுத்துப் புடிக்க ஒரு கொக்கிக் கம்பு இருக்கும். அதை எடுத்து வீசுனேன். அவன் குனிஞ்சான், இல்லன்னா கண்ணு போயிருக்கும். காது கிழிஞ்சு தொங்கிருச்சு. ரத்தம்னா ரத்தம், டெக் முழுக்க. இவ என்ன பண்ணா தெரியுமா? சேலை முந்தானையைக் கிழிச்சு அவன் காதைப் புடிச்சுக் கட்டுதா. "மன்னிச்சுருங்க தம்பி, மன்னிச்சுருங்க தம்பி"ன்னு அவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கா. என் கையில சிராய்ச்சிருக்கு, அதை ஒரு பார்வை பாக்கல. கட்டுன புருஷன் இங்க நிக்கான், அவ இன்னொருத்தன் காதைப் புடிச்சுட்டு நிக்கா. இதை யாருகிட்ட போயிச் சொல்ல?

அவன் ஆளுக சேருறதுக்குள்ள கயித்தை அறுத்துட்டுக் கெளம்புனோம். நானே அறுத்தேன். அடுத்து தரங்கம்பாடி.

தரங்கம்பாடியில துறைமுகம்னு ஒண்ணும் கெடையாது. கரைக்கு எதுக்க நங்கூரம் போட்டுட்டு சின்ன ரப்பர் படகுலதான் போகணும். அந்த மஞ்சக் கோட்டை அப்பிடியே கடலைப் பாத்துட்டு நிக்கும். அவ காலையில போனவ மதியம் வரைக்கும் வரல. நான் படகுலயே ரெண்டு ரவுண்டு குடிச்சுட்டு ஒக்காந்திருந்தேன். யோசிச்சுப் பாத்தேன். இந்த ஊர்களாலதான் இவ கெட்டுப் போறா. எறங்குற எடத்துல எல்லாம் எவளாவது பேசுதா, எவனாவது பேசுதான். படகைப் புதுச்சேரியில வித்துருவோம்னு முடிவு பண்ணேன்.

அவ வந்தா. கையில ரெண்டு எளநி. ஒண்ணை எனக்கு நீட்டுதா. "அந்தக் கோட்டைக்குள்ள நின்னா அலைச் சத்தம் காலுக்கடியில கேக்குது, நீங்களும் ஒருதடவை வந்து..."ன்னு ஆரம்பிச்சா.

"ஊரு பாத்தது போதும். புதுச்சேரியில படகை விக்கப் போறேன்"னேன்.

அவ எளநியைக் கீழ வச்சா. "பழவேற்காடு ஒண்ணு பாக்கி இருக்கு. அது மட்டும் போயிட்டு வித்துருங்க."

"போதும்னா போதும்."

"என் காசும் இதுல இருக்குங்க."

அதைச் சொல்லலாமா அண்ணாச்சி? முடியைப் புடிச்சேன். பாயைக் கட்டுற அந்தக் குறுக்குக் கட்டையில தலையை ரெண்டு மூணு தடவை இடிச்சேன். அளவோடதான். அவ கத்தல. எனக்கு அந்தக் கத்தாம இருக்குறதுதான் புடிக்காது. எப்பவும் அப்பிடித்தான். காதுலேர்ந்து ரத்தம் வந்துச்சு. விட்டுட்டு, "நங்கூரத்தை எடு"ன்னேன். திரும்பிக்கிட்டு பாயோட கயித்தை அவுத்துக்கிட்டிருந்தேன்.

கயித்தைச் சுத்தி இறுக்குறதுக்கு ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். ஒரு முழம் நீளம், நல்ல கனம். அதை எடுக்குற சத்தம் கேட்டுச்சு. வேலையைப் பாக்கான்னு நெனச்சேன். முழங்கையில விழுந்துச்சு அடி. எலும்பு ஒடையுற சத்தம் இருக்கே, காய்ஞ்ச சுள்ளி மாதிரி. திரும்புதேன், அதே கையில இன்னொண்ணு. கீழ விழுந்துட்டேன். அவ ரெண்டு கையாலயும் அதைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கா. கண்ணு என் மண்டையைப் பாக்குது. அப்பிடியே நின்னா. ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் மெதுவாக் கீழ எறக்குனா.

"எந்திரிங்க. ரப்பர் படகுல எறங்குங்க"ங்கா. டீச்சர் குரல்ல.

எறங்குனேன். எனக்கு வேற வழி? ஆனா ஒண்ணு பாருங்க. எறங்குறதுக்கு முன்னால லைஃப் ஜாக்கெட்டை எடுத்து எனக்கு மாட்டி, கொக்கியெல்லாம் போட்டு இழுத்துப் பாத்தா. ஒடிஞ்ச கையில படாம. என்ன இருந்தாலும் பாசம் விடுமா?

கயித்தை அவுத்து விட்டுட்டா. மத்தியானக் காத்து கரையைப் பாத்து அடிக்குது, நான் பாட்டுக்குக் கரைக்குப் போய்க்கிட்டிருக்கேன். அங்கேர்ந்து நான் கத்துனேன். "ஏட்டி, மொதல்ல பாயை ஏத்து, அப்புறம் நங்கூரத்தை எடு, இல்லன்னா கரையில ஏறிரும்"னு. அவ என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல. அவ பாட்டுக்குச் செஞ்சா. படகு தலையைத் திருப்புச்சு, வடக்க பாத்துப் போயிருச்சு. அலை என்னைக் கவுத்துக் கோட்டைக்கு முன்னால கொண்டு போட்டுச்சு. வாய் நெறைய மணலு. சுத்துலா வந்த பயலுக போட்டோ எடுத்தானுங்க.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுட்டு போலீஸ்ல போயிச் சொன்னேன். அங்க இருந்த ஏட்டு, "பொண்டாட்டி அடிச்சான்னு எழுதணுமா, படகு காணாமப் போச்சுன்னு எழுதணுமா?"ன்னு கேட்டான். சுத்தி நின்னவனெல்லாம் சிரிக்கான். ஒண்ணும் வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன். ஜெர்லினுக்குப் போன் போட்டு அழுதேன். "அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு"ன்னேன். மக மொதல்ல சொல்லல. நாலு நாள் அழுதேன், சொல்லிட்டா. மன்னிப்பெல்லாம் கேக்குற எண்ணம் இல்ல, சும்மா சொன்னதுதான்.

பழவேற்காட்டுல முகத்துவாரம் பூரா மணலு. அங்க உள்ள மீன்காரங்க முன்னால போயி வழி காட்டி அவ படகை உள்ள கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் போனப்ப அவ டச்சுக்காரன் கல்லறையில இருந்தா. வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்கான், பாக்கவே கண்றாவி. உள்ள ஒரு கல்லு முன்னால ஒக்காந்து, அதுல உள்ள எழுத்தை விரலால தடவிக்கிட்டிருக்கா. பக்கத்துல எறால் விக்கிற பொம்பளை ஒருத்தி. இவ அவளுக்கு ஏதோ சொல்லிக்கிட்டிருக்கா. "இந்தப் பொண்ணு செத்தப்ப வயசு பத்தொம்பது. பிரசவத்துல"ன்னு.

"கெளம்பு, வீட்டுக்குப் போவோம்"னேன்.

அவ எந்திரிக்கல. "நான் வரல. படகு வேணும்னா எடுத்துக்கிடுங்க."

"படகு என்னட்டி படகு. நீ வா"ன்னு இடது கையால அவ கழுத்தைப் புடிச்சேன். அந்த எறால்காரி கூடையோட எந்திரிச்சு நின்னா. வேற ரெண்டு பொம்பளைகளும் வந்து நின்னாளுக. கையை எடுத்துட்டேன்.

அவ நேராப் படகுக்குப் போனா. ஒரு பையை மட்டும் எடுத்துட்டு எறங்கிட்டா. "எடுத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டா.

நான் படகுல ஏறுனேன். உள்ள துடைச்சு வச்சிருக்கா. பாயில கிழிஞ்ச எடமெல்லாம் தச்சு வச்சிருக்கா. மெத்தைக்குப் புதுசா ஒரு உறை, பூப் போட்டது. நான் இல்லாம இவ்வளவு நல்லா இருந்திருக்கா. ஒத்தைக் கையால நங்கூரத்தை இழுத்துப் பாத்தேன், வரல. பாயை ஏத்திப் பாத்தேன், பாதியில நின்னுருச்சு. கரையில நின்னு எல்லாரும் பாக்கானுங்க. அடுப்புக்கு வச்சிருந்த மண்ணெண்ணெயை எடுத்து மெத்தையில ஊத்துனேன், அந்தப் பூப்போட்ட உறையில. தீப்பெட்டியை உரசிப் போட்டுட்டு தண்ணியில குதிச்சேன்.

அண்ணாச்சி, ஃபைபர் படகு எரிஞ்சு பாத்திருக்கீங்களா? கரும்பொகை, வானத்துக்கு. பட்டுப் பட்டுன்னு வெடிக்குது. காத்து திரும்பி நெருப்பு பக்கத்துல காயப்போட்டிருந்த வலையில விழுந்துருச்சு. அது நான் செஞ்சதா? காத்து செஞ்சது. ஆனா அவனுங்களுக்கு அதெல்லாம் புரியாது. என்னைத் தண்ணியிலேர்ந்து இழுத்துக் கரையில போட்டு மிதிச்சானுங்க. துடுப்பால அடிச்சானுங்க. இந்தக் கண்ணு அப்பத்தான் மூடுச்சு. மாவுக்கட்டு மேலயே ஒருத்தன் ஏறி நின்னான். சரி, செத்தோம்னு நெனச்சேன்.

அவதான் வந்தா. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்து, "போதும், விடுங்க"ன்னா. விட்டுட்டானுங்க. வந்து ஒரு மாசம்கூட ஆகல, அவ சொன்னாக் கேக்கானுங்க. என்னைக் குனிஞ்சு பாத்தா. படகு அவ முதுகுக்குப் பின்னால எரியுது. நான் சொன்னேன், "பாத்தியா, இப்போ எதுலட்டி ஊரு பாப்ப?"

அவ அந்தக் கூட்டத்தைப் பாத்துத்தான் பதில் சொன்னா. "இவரு செத்துகித்து வச்சா நான்தான் அடக்கம் பண்ணணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. எறால் வண்டி பொன்னேரிக்குப் போகுதுன்னீங்களே, நான் ஏறிக்கிடட்டுமா?"

போயிட்டா. வண்டியில டிரைவர் பக்கத்துல பையை மடியில வச்சு ஒக்காந்து போயிட்டா.

கேட்டீங்களா அண்ணாச்சி? நான் சாகக்கூடாதுன்னு அத்தனை பேருக்கு முன்னால சொல்லுதா. உள்ளுக்குள்ள இல்லாமயா? மக ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா, போனையே எடுக்க மாட்டேங்கா. ஆனா மருமகன் நல்ல பையன். அத்தை மசூலிப்பட்டணத்துலேர்ந்து போட்டோ அனுப்பியிருக்காங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டான். சரி, பாத்துட்டு வரட்டும். படகு இல்ல, பஸ்ஸுல எவ்வளவு தூரம் அலைவா? திரும்பி வந்துதானே ஆகணும். நான் போயி வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கணும். ஒத்தைக் கையால எப்பிடிக் கூட்டுறதுன்னுதான் தெரியல.

ஒண்ணு கேக்கணும் ஒங்ககிட்ட. நீங்க வியாபாரத்துக்கு ஆந்திராப் பக்கமெல்லாம் போயிருப்பீங்க. மசூலிப்பட்டணத்துல அப்பிடி என்ன அண்ணாச்சி இருக்கு, பாக்குறதுக்கு?